புள்ளி வைத்த வீடுகள்

என் சகலையை எங்கள் பக்கத்தில் புள்ளி என்றுதான் சொல்வார்கள். பெரிய புள்ளி என்று யாரும் தப்புக்கணக்குப் போட்டுவிட வேண்டாம். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற ஆள். பழைய பெயின்டைச் சுரண்டி, விரிசலுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதற்குப் பிறகுதான் பிரஷ்ஷைக் கையில் எடுப்பார். நகத்துக்கடியில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தே இந்த வாரம் யார் வீட்டில் வேலை என்று சொல்லிவிடலாம்.

பெயர் வந்தது கட்சியால். வாலிப வயதில் கட்சியில் சேர்ந்த புதிதில், ஓட்டுக் கேட்டுப் போகிறவர்கள் தட்டிய கதவையே திரும்பத் திரும்பத் தட்டிவிட்டு, தட்ட வேண்டிய கதவை விட்டுவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறார். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நிச்சயமாக நமக்குத்தான் ஓட்டு என்று தெரிந்த வீட்டின் வாசல் நிலையில், கீழ் மூலையில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு நீலப் பெயின்டில் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் தட்டாதே, நேரத்தை வீணாக்காதே, அடுத்த வீட்டுக்குப் போ. அவ்வளவுதான் விஷயம். அந்த நகரசபைத் தேர்தலில் கட்சி ஜெயித்தது. தலைவர் மேடையில் இவர் தோளில் கை போட்டு, "இந்தத் தம்பி ஒரு புள்ளியில நம்மள ஜெயிக்க வச்சிட்டான்" என்று மைக்கில் சொன்னார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே மனுஷன் இத்தனை வருஷத்தை ஓட்டினார். நகரம் முழுக்க, எல்லாக் கிளையிலும், புள்ளி வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. இவரைக் கிளைச் செயலாளர் ஆக்கினார்கள். அன்று உட்கார்ந்த நாற்காலிதான்.

நான் எந்தக் கட்சியும் இல்லை. நாங்கள் அக்கா தங்கையைக் கட்டியவர்கள், அதுதான் எங்களுக்குள் உள்ள கூட்டணி. பல் ஆஸ்பத்திரியில் முன் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புவது என் வேலை. நாள் முழுக்க வலியில் இருப்பவர்களோடு பேசுவதால் எனக்கு யாரைப் பார்த்தாலும் கொஞ்சம் எரிச்சல் வரும் என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம். ஆனால் சகலையை எனக்குப் பிடிக்கும். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கட்சியை வைத்து ஒரு செங்கல்கூட வாங்காத ஆள் அவர்.

அதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நம்ம ஆள் எதற்கும் முந்தக்கூடாது. தெருவிளக்கா, குழாயா, சாக்கடை மூடியா, முதலில் புள்ளி இல்லாத வீடுகளுக்கு. "நம்ம ஆளுங்க கடைசியாத்தான் நிக்கணும். அப்பத்தான் கட்சிக்கு மரியாதை" என்பார். அதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். கேட்கிறவர்களுக்கும் பெருமையாக இருக்கும். கேட்பவர் அந்தத் தெருவில் குடியிருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவின் மாவு மில் முனையில் நின்று போய்க்கொண்டிருந்த பஸ்ஸை வேறு பக்கம் திருப்பிவிட்டதும் இந்தப் பிடிவாதத்தால்தான். புறவழிச்சாலைக்குப் பின்னால் புதிதாக அடுக்குமாடிகள் வந்தன. அங்கே ஒரு வாசலிலும் புள்ளி இல்லை. அந்த ஓட்டை வாங்க வேண்டும் என்று கவுன்சிலர் எங்கள் பஸ்ஸை அந்தப் பக்கம் விட நினைத்தார். டீக்கடையில் வைத்து அண்ணனிடம், "உங்க தெருவுல சத்தம் போட மாட்டாங்களே?" என்று கேட்டார். அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "நம்ம ஆளுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்த எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத்தான் ஸ்கூட்டர் இருக்கிறதே.

யாரும் ஒன்றும் சொல்லத்தான் இல்லை. தேர்தல் வந்தது. கட்சி தோற்றது.

தோற்றது என்றால் சும்மா இல்லை, மண்ணைக் கவ்வியது. நகரசபையே கைவிட்டுப் போனது. அதிலும் கேவலம், எங்கள் கிளையில்தான் அடி பலம். எண்ணிக்கை நடந்த மத்தியானம் நான் கட்சி ஆபீசுக்குப் போனபோது மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் இனிப்புப் பெட்டிகள் அடுக்கியபடியே இருந்தன. அவற்றைத் திறக்கவும் மனசில்லை, திருப்பிக் கொடுக்கவும் முகமில்லை. அண்ணன் ஒரு ப்ளாஸ்டிக் நாற்காலியில், கடையைக் கட்டிவிட்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வீட்டுக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் தலைமையிலிருந்து தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக் கூட்டம். ஒவ்வொரு கிளைச் செயலாளரும் ஏன் தோற்றோம் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். சரியான காரணம் சொல்லத் தெரியாதவர் பதவியை விட்டு இறங்க வேண்டும். இவர் நாற்காலிக்கு ஏற்கெனவே ஒருவர் துண்டு போட்டு வைத்திருந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வெயில் காலத்திலும் டை கட்டுவதால் எல்லோருக்கும் அவர் டை. பேச்சில் கெட்டிக்காரர். எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் கேட்டவரைப் பாராட்டிவிட்டுத்தான் பதிலுக்கு வருவார்.

"பதவி போனா போகட்டுமே அண்ணே. வயசும் ஆச்சு" என்றேன்.

"நீ லேசா சொல்லிட்ட. அது இல்லன்னா நான் யாரு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அந்த வாரம் எங்கள் டாக்டர் வெளியூரில். ஆஸ்பத்திரி மூடியிருந்தது. "சும்மாதானே இருக்க, கூட வா. வீடு வீடாப் போய்க் கேட்டுருவோம். எங்க கோட்டை விட்டோம்னு தெரிஞ்சுடும்" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். நேராகப் புறவழிச்சாலைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிகளுக்குப் போனோம். ஏன் அங்கே என்று கேட்டதற்கு, "புள்ளி இல்லாத எடம்தானே. கவுத்தவன் இங்கதான் இருப்பான்" என்றார்.

முதல் வீட்டில் செல்போன் கடைக்காரர். "அண்ணே, என்ன கேள்வி இது? உங்களுக்குத்தான் போட்டேன். பஸ் விட்டுக் குடுத்திருக்கீங்க, மறப்போமா?" என்றார். அடுத்த வீட்டில் ஒரு டீச்சர். குடும்பத்தோடு போய்ப் போட்டதாகச் சொல்லி, தோற்றதற்கு எங்களைவிட அதிகமாக வருத்தப்பட்டார். டீ வந்தது. மூன்றாவது மாடியில் ஒருவர் வண்டி முழுக்க எதிர்க்கட்சி ஸ்டிக்கர். "அது பையன் ஒட்டினதுங்க. ஓட்டு உங்களுக்குத்தான்" என்று கண்ணை இமைக்காமல் சொன்னார். அங்கேயும் டீ. மாடி மாடியாக ஏறி இறங்கினோம். சாயங்காலம் வரை போட்ட கணக்குப்படி கட்சி அமோகமாக ஜெயித்திருந்தது.

எனக்கு இது புதிதில்லை. தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கிறீர்களா என்று நான் கேட்காத ஆளில்லை. தேய்க்கவில்லை என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. வாயைத் திறந்தால்தான் தெரியும். அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் போட்டிருக்காங்க. அப்புறம் எப்படிடா தோத்தோம்?"

"புள்ளி வச்ச வீட்ல கேட்டுப் பாக்கலாமே" என்றேன்.

முறைத்தார். "அது நம்ம வீடு. அங்க போய் ஓட்டுப் போட்டியான்னு கேக்கறதா? பெத்த தாய்கிட்ட போய் நீ என்னைத்தான் பெத்தியான்னு கேக்கற மாதிரி இருக்கு நீ பேசறது."

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. அவரோடு வாதாடுவது ஓதம் ஏறிய சுவரில் பெயின்ட் அடிக்கிற வேலை. இதுவும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளே இருக்கிற ஈரம் தள்ளிவிட்டுவிடுமாம்.

திரும்பும்போது மாவு மில் முனையில் டிரைவர் திண்டாடியபடி ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயின் மாட்டிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த அதே பஸ்ஸை ஓட்டியவர். அண்ணனுக்குப் பால்ய சிநேகம். அண்ணன் வாழ்க்கையில் வைத்த முதல் புள்ளியே அவர் வீட்டு நிலையில்தான்.

"வாங்க செயலாளர். எங்க தெருப் பக்கமும் வர வழி தெரியுதா?" என்றார் டிரைவர், தலையைத் தூக்காமல்.

"வயித்தெரிச்சலக் கிளப்பாதய்யா. ஊரே போட்டேங்குது, பெட்டியில மட்டும் காணோம்."

"நான் போடல."

செயின் மாட்டுகிற கை நிற்கவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். அண்ணனுக்குக் காது கேட்டதா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"அவங்களுக்கும் போடல. வீட்லயே உக்காந்திருந்தேன். எங்க வீட்டம்மா போய்ப் போட்டா. யாருக்குன்னு நான் கேக்கல, எனக்குத் தெரியும்" என்றார் டிரைவர். பிறகு கரியான கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "காரணத்த என்கிட்ட கேக்காத. உன் வீட்ல போய்க் கேளு. எங்க வீட்டுப் பொம்பளைங்களும் உன் வீட்டம்மாவும் காலையில ஒண்ணாத்தான் நடக்கறாங்க."

வீடு வரும்வரை அண்ணன் பொருமிக்கொண்டே வந்தார். முதுகில் குத்திவிட்டான், சோறு ஒன்றாகத் தின்றவன், துரோகி. நான் ம்ம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

அண்ணி ஸ்டூலில் காலை நீட்டி, முழங்காலில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து, உலர்த்தி, மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. முன்பு முனையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவார். பஸ் போன பிறகு, விடிவதற்கு முன்பே கிளம்பி மெயின் ரோடு வரை நடை. வரும்போதும் நடை. மூட்டுத் தைலத்தின் வாசனை அந்த வீட்டில் பெயின்ட் வாசனையையே அமுக்கிவிட்டது. தைலம் தேய்த்துவிடுவது அண்ணன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். பாசத்துக்குக் குறைவில்லை.

"கேட்டியா கதைய. டிரைவர் நமக்குப் போடலையாம்" என்றார் அண்ணன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பேசிக்கிட்டோம்."

"யாரு பேசிக்கிட்டீங்க?"

"நடக்கறவங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். எனக்கு அங்கிருந்து எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதே அவர்தான்.

"அப்ப நீ?"

"நானும் நமக்குப் போடல" என்றார் அண்ணி. "அவங்களுக்குத்தான் போட்டேன்."

வெந்நீர்ப் பையை மற்ற முழங்காலுக்கு மாற்றிக்கொண்டார். அண்ணன் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. சுவரோரம் கிடந்த பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேனே. பஸ் நின்ன அன்னிக்கே சொன்னேன். நம்ம ஆளுங்களே போய்க் கேட்டா அசிங்கம்னீங்க. சரின்னு கட்சி ஆபீசுக்கு நானே போனேன். சேர் போட்டு உக்கார வச்சாங்க. 'என்ன அண்ணி, நீங்க வரணுமா, அண்ணன்கிட்ட சொன்னா போதாதா'ன்னு சிரிச்சாங்க. அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தானே அங்க போயிருக்கேன்? சேரும் நல்ல சேர்தான். எந்திரிச்சு வந்துட்டேன்."

அண்ணி நிறுத்தினார். அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. வரவில்லை.

"கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். அன்னிலேர்ந்து ஒரு ஆள் இந்த வாசல்ல நின்னு எனக்கு ஓட்டுப் போடும்மான்னு கேட்டது கெடையாது. புள்ளியப் பாத்துட்டுத் தாண்டிப் போறாங்க. எல்லாக் கட்சிக்காரனும். எனக்கும் ஒரு ஓட்டு இருக்குன்னு எனக்கே மறந்துபோச்சு. இந்தத் தடவை அவங்க வந்தாங்க. ஒரு பொண்ணு. கட்சி பேரக்கூட முதல்ல சொல்லல. 'காலையில எப்படிம்மா வேலைக்குப் போறீங்க?'ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா."

"பஸ் விடறேன்னு சொன்னாளா?"

"சொன்னா. வரும்னு நான் நம்பல. கேட்டாளேன்னுதான் போட்டேன்."

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை கூடவே வந்தது. அந்தப் பெண் எங்கள் தெருவில் எல்லா வீட்டையும் தட்டவில்லை என்பது அடுத்த நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணன் தானாகவே வந்து கூப்பிட்டார். புள்ளி வைத்த வீடுகளுக்குப் போனோம். ஒரு வீட்டிலும் டீ வரவில்லை. வாசலிலேயே வைத்துத் திட்டினார்கள். பாதிப் பேர் ஓட்டுப் போடப் போகவே இல்லை, மீதிப் பேர் மாற்றிப் போட்டிருந்தார்கள், மறைக்காமல் சொன்னார்கள். தையல்கார அம்மா மட்டும் கதவைத் திறக்காமல், "இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று உள்ளேயிருந்தே கேட்டார். மற்ற எல்லா வீட்டிலும் அதே பெண், அதே கேள்வி. பக்கத்து வீடுகளிலும் விசாரித்தோம், புள்ளி இல்லாத வீடு ஒன்றைக்கூட அவள் தட்டவில்லை. யாருமே போகாத வாசல் எது என்று அவர்கள் தேடி அலையவே வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலையிலும் அண்ணன் கையாலேயே அடையாளம் வைத்துக் கொடுத்திருந்தார்.

இதை நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அண்ணன் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"நல்லா வேலை செஞ்சிருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் அவருக்கு யோசனை சொன்னேன். மழை என்று சொல்லுங்கள், எதிராளி பணத்தை இறைத்தான் என்று சொல்லுங்கள், எல்லோரும் அதைத்தான் சொல்லப்போகிறார்கள், பதவியாவது மிஞ்சும். அண்ணி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "என்னத்தையாவது சொல்லிக்கட்டும். நானும் போட்டேன்னு மட்டும் என் பேர்ல பொய் சொல்ல வேணாம்" என்றார். அண்ணன் நாளைக்குப் போடும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபம் மாதிரியான பெரிய கூடத்தில். பின்வரிசையில் நானும் போய் உட்கார்ந்தேன், யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு கிளைச் செயலாளராக எழுந்தார்கள். ஒருவர் மழை என்றார். ஒருவர் எதிராளியின் பணம். ஒருவர் பத்திரிகைக்காரர்கள். ஒருவர் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி இல்லை என்று வெகு நேரம் பேசி, தன் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எல்லோருக்கும் புரிந்த பிறகு உட்கார்ந்தார். மேடையில் தலைவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கினாரா என்று சொல்ல முடியாது. அவருக்கும் களைப்பு இருக்கும்தானே.

அண்ணன் முறை வந்தது. எழுந்து மைக்கை வாங்கினார்.

"எங்க வீட்டம்மா நமக்கு ஓட்டுப் போடலங்க" என்றார்.

கூடமே சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். டை வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார். சிரிப்பு அடங்கும்வரை அண்ணன் நின்றார். பிறகு பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். சலவைக் கூடத்தைப் பற்றிச் சொன்னார், முழங்காலைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் புள்ளியைப் பார்த்துத் தட்டியதைச் சொன்னபோது தலைவர் கண்ணைத் திறந்தார்.

"பஸ்ஸ எடுக்கலாமான்னு என்கிட்டதான் கேட்டாங்க. நம்ம ஆளுங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல. ஓட்டுல சொல்லிட்டாங்க. மழையில்ல, பணமில்ல. நம்ம வீட்டக் கவனிக்கல, தோத்துட்டோம்."

"சரி. இப்ப என்ன செய்யலாம்கறீங்க?" என்றார் தலைவர்.

"புள்ளி வச்ச வீட்டுக்கெல்லாம் போகணும். ஓட்டுக் கேக்கப் போகக்கூடாது. அவங்க திட்டுவாங்க, நின்னு கேட்டுக்கணும். எங்களத் திட்டினாங்க. புள்ளி இல்லாத வீட்ல ஒருத்தரும் திட்டல, டீ குடுத்து அனுப்பிட்டாங்க. திட்டறவங்கதான் இன்னும் நம்ம ஆளுங்க. அப்புறம் அந்த பஸ்ஸ அவங்களோட சேந்து போய்க் கேக்கணும், நகரசபையில. இப்ப நம்மகிட்ட ஆட்சி இல்லதான். அதனாலதான் கேக்க முடியும்."

நான் கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன். பாதியில் நிறுத்தினால் இன்னும் அசிங்கம் என்று இரண்டு தட்டு சேர்த்துத் தட்டி முடித்தேன்.

அதன் பிறகு டை எழுந்து, அண்ணனின் நேர்மையை முதலில் பாராட்டிவிட்டு, புள்ளியெல்லாம் பழைய காலம், இனிமேல் செல்போனிலேயே வீடுகளை அடையாளம் வைத்துக்கொள்ளலாம், எதிராளி கண்ணில் படாது என்றார். அதற்குப் பலத்த கைதட்டல். அண்ணன் சொன்னது யாருக்கும் உறைக்கவில்லை என்று எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கடைசியில் தலைவர் இறங்கி வந்து, அன்று மேடையில் போட்டது போலவே அண்ணன் தோளில் கை போட்டார். "நெறைய உழைச்சிட்டீங்க தம்பி. கொஞ்சம் ஓய்வு எடுங்க" என்றார். நல்ல மனுஷன்தான். நாற்காலி டைக்குப் போனது.

நடந்தே வந்தோம். ஸ்கூட்டரில் ஏறச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். மெயின் ரோட்டில் ஆரம்பித்து மாவு மில் முனை வரை, நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு, அவர் முன்னால். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "தெனமும் இவ்வளவு தூரமா?" என்றார்.

வீட்டு வாசலில் கதவு சும்மா சாத்தியிருந்தது. அண்ணன் தள்ளித் திறக்கவில்லை. குனிந்து, நிலையின் கீழ் மூலையைப் பார்த்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் மேலே மேலே வைத்து வைத்து அந்தப் புள்ளி ஒரு சட்டைப் பொத்தான் கனத்துக்கு வந்திருந்தது. வெளியே சாய்த்து வைத்திருந்த சாமான் பையிலிருந்து சுரண்டியை எடுத்து, அடியில் கொடுத்து நெம்பினார். ஒரே வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் மரம் வெளுப்பாக, புதிதாக இருந்தது.

"யாரு வாசல்ல?" என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார்.

அண்ணன் நிமிர்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவைத் தட்டினார்.

அண்ணி காலை இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். அவரைப் பார்த்தார், கையிலிருந்த சுரண்டியைப் பார்த்தார், கீழே விழுந்து கிடந்ததைப் பார்த்தார். உள்ளே வராமல் படிக்குக் கீழேயே நிற்கிறவரை என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"என்னாச்சு? பதவி?"

"போயிடுச்சு."

"அப்புறம் எதுக்கு வெளியில நிக்கறீங்க?"

எத்தனையோ வாசலில் நின்று பேசிய ஆள், தன் வாசலில் நின்றது அன்றைக்குத்தான்.

"காலையில," என்றார். நிறுத்தினார். மறுபடியும் ஆரம்பித்தார். "காலையில எப்படிம்மா வேலைக்குப் போறீங்க?"

அண்ணி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, யாரோ வெளி ஆளுக்குச் சொல்வது போல, மரியாதையாகப் பதில் சொன்னார்.

"நடந்துதாங்க போறேன். உள்ள வந்து உக்காருங்க, சொல்றேன்."